வோல்காக் கரையில் நம் பிள்ளைகள்: கசான் நகரப் பயணம்

பட்டாபிராமில் வாழ்வோர்க்கு ரஷ்ய நாடு முற்றிலும் அயலான நாடன்று. அண்டையிலுள்ள ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையில் 1980களின் பிற்பகுதியிலிருந்து டி-72 வகை டாங்கிகளும், 2009 முதல் 'பீஷ்மா' எனப் பெயரிடப்பெற்ற டி-90 வகை டாங்கிகளும் அந்நாட்டு உரிமத்தின்பேரில் உருவாயின. அத்தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் எங்கள் தெருவில் உள்ளார். தமிழ்நாட்டை விட்டு வெளியே போகாத அவர், ரஷ்ய எழுத்துகளை எழுத்துக்கூட்டிப் படிப்பார். இன்று அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இயங்கும் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வாயிலாக, மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்கள் ஒருகாலத்தில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றோர் மாஸ்கோவிலேயே தங்கி மொழிபெயர்த்த நூல்கள் அவை. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அந்நூல்களின் வரவும் நின்றது. நான் தொடக்கப்பள்ளி மாணவனாய் இருந்தபோது என் கைக்கு வந்தவை அந்த வரவின் கடைசிப் பிரதிகளாதல் வேண்டும்.

இக்கட்டுரை எழுந்த காரணம் வேறு. சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளிவருகையில் ஜமாஅத் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, உங்கள் அக்கா மகன் ரஷ்யாவிலேதானே டாக்டருக்குப் படிக்கிறார்? என் பேத்திக்கும் அதே கசானில் இடம் வாங்கித் தருவதாக ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். அங்கே பள்ளிவாசல் உண்டா? நோன்பு வைக்க முடியுமா? பிள்ளை எதைச் சாப்பிடும்? நீங்கள் விசாரித்துச் சொன்னால்தான் நான் சம்மதிப்பேன்" என்றார். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறத்தக்க வினாக்கள் அல்ல இவை. என் தமக்கை மகனும் அவனுடன் பயிலும் தமிழக மாணவர் அறுவரும் கோடை விடுமுறையில் அந்நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சுற்றிப் பார்த்த செய்திகளைத் தொலைபேசியில் நாள்தோறும் கேட்டுக் குறித்து வைத்தேன். நூல்களிலும் தேடினேன். அவற்றின் தொகுப்பே இது.

நகரின் இருப்பிடம்

மாஸ்கோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில், கசான்கா என்னும் சிற்றாறு வோல்காவிற் கலக்குமிடத்தில் அமைந்தது கசான். இரவில் மாஸ்கோவில் தொடர்வண்டி ஏறினால் மறுநாட் காலையில் இறங்கலாம். ரஷ்யக் கூட்டாட்சிக்கு உட்பட்ட தத்தாரிஸ்தான் குடியரசின் தலைநகர் இது. மக்கள்தொகை பதின்மூன்று இலட்சம். அவருள் ஏறத்தாழப் பாதியினர் தத்தாரியர். துருக்கிய இனமொழி பேசும் அவர்கள் முஸ்லிம்கள். நம்மூர் ராவுத்தர் குடும்பங்களைப் போலவே ஹனபி மத்ஹபைப் பின்பற்றுவோர். பெரியவரின் முதல் வினாவுக்கு இதிலேயே பாதி விடை அடங்கும்.

ரஷ்யா என்றதும் பனி, தேவாலயம், லெனின் என்ற மூன்றையே நாம் நினைக்கிறோம். ஆயின், பொதுஆண்டு 922இலேயே வோல்காக் கரையில் இசுலாம் அரச சமயமாகிவிட்டது. வோல்கா பல்கார் நாட்டு மன்னன் அல்முஷ், தனக்கு மார்க்க ஆசிரியரும், பள்ளிவாசல் கட்டவும் கோட்டை எழுப்பவும் உதவியும் வேண்டுமெனப் பாக்தாதின் கலீபா முக்ததிருக்கு விண்ணப்பித்தான். 921 ஜூனில் புறப்பட்ட தூதுக்குழு 922 மேயில் அவன் பாசறையை அடைந்தது. அக்குழுவில் வந்தவர் இப்னு பழ்லான்; தாம் கண்டவற்றையெல்லாம் எழுதி வைத்தவர். கோட்டைக்கென ஒதுக்கப்பட்ட நாலாயிரம் தீனார்கள் மட்டும் வந்து சேரவில்லை. கலீபாவின் மடலில் தொகை இருந்தது, தூதர் கையில் இல்லை. மன்னன் சினந்து வினவ, இப்னு பழ்லான் பட்ட பாட்டை அவரே மறைக்காமல் எழுதியுள்ளார். பயண நூலாசிரியர்கள் பெரும்பாலும் தம் அவமானங்களை எழுதுவதில்லை. அவர் நூலை நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தப் பல்கார் நகரின் எச்சங்களைக் காண மாணவர் எழுவரும் கசானிலிருந்து பேருந்தில் தெற்கே சென்றனர். வோல்காவும் காமாவும் கூடுமிடத்துக்கு அருகில், மேட்டு நிலத்தில், 13ஆம் நூற்றாண்டுப் பெரிய பள்ளிவாசலின் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அதன் பெரிய மினாரா 1841இல் சரிந்து, நம் காலத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 800 கிலோ எடையுள்ள அச்சிட்ட திருக்குர்ஆன் வைக்கப்பட்டுள்ளது. 2014இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. "மாமா, மாமல்லபுரத்தில் நிற்பதுபோல இருந்தது, ஆனால் கடல் இல்லை, ஆறே கடல்போல் கிடக்கிறது" என்றான் பையன்.

இருளாத இரவு

அப்பயணத்தில் மாணவரை மிகவும் வியக்கவைத்தது கட்டடமன்று, இரவு. ஜூன் மாதத்தில் கசானில் விடியற்காலை மூன்று மணியளவிற் கதிரவன் எழுகிறான். இரவு எட்டரைக்குப் பின்னரே மறைகிறான். பகற்பொழுது ஏறத்தாழப் பதினேழரை மணி நேரம். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலும் பதின்மூன்று மணியை எட்டாது.

இதனால் எழும் இடர் தொழுகை நேரம் பற்றியது. மஃரிபுக்குப் பின் மேல்வானில் எஞ்சும் ஒளி முற்றிலும் அடங்கிய பின்பே இஷாவின் நேரம் தொடங்கும். கதிரவன் தொடுவானத்துக்குக் கீழே பதினெட்டுப் பாகை அளவு இறங்கினால்தான் வானம் முழுதும் இருளும். கசான் 56 பாகை வட அகலக்கோட்டை ஒட்டி அமைந்ததாதலின், ஜூன் நள்ளிரவிலும் கதிரவன் பதினொரு பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. எனவே மாலையொளி அடங்கும் முன்பே வைகறையொளி தோன்றிவிடுகிறது. இரண்டுக்கும் இடையே இஷா எங்கே?

இவ்வினாவை முதலில் எதிர்கொண்டவர்களுள் ஒருவர் இப்னு பழ்லானே. மன்னனிடம் பணிபுரிந்த பாக்தாத் தையற்காரர் ஒருவருடன் அவர் கூடாரத்தில் அமர்ந்து இஷா பாங்கை எதிர்நோக்கிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நீளவில்லை, பாங்கு கேட்டது. வெளியே வந்து பார்த்தால் பொழுது விடிந்திருக்கிறது! இஷா என்னாயிற்று என வினவ, அதை மஃரிபுடன் சேர்த்துத் தொழுதுவிடுகிறோம் என்றாராம் பாங்கொலிப்பவர். வைகறைத் தொழுகை தவறிவிடுமோ என்னும் அச்சத்தால் ஒரு மாதமாகத் தாம் இரவில் உறங்கவில்லை என்றும் கூறினாராம். மஃரிப் நேரத்தில் அடுப்பிலேற்றிய பானை வைகறைத் தொழுகைக்கு முன் வேகாது என்பதும் அந்நூற் செய்தி.

நானூறு ஆண்டுகளுக்குப் பின், 1334 வாக்கில், இக்குறுகிய இரவைக் காணவே ரமலான் மாதத்திற் பல்காருக்குச் சென்றதாக இப்னு பதூதா கூறுகிறார். அவர் சொல்லும் பத்து நாளில் அத்தொலைவைக் கடத்தல் இயலாதென்பதால், அவர் அங்குச் செல்லவே இல்லை என ஆய்வாளர் பலர் கருதுவர். பத்தாண்டுகள் கழித்து அதே இப்னு பதூதா மஅபர் எனப்பட்ட நம் தமிழகக் கடற்கரையில் இறங்கி, மதுரைச் சுல்தானின் அவையில் தங்கினார் என்பதை மாணவர் நினைவிற்கொள்க.

இதனை நூலளவில் வாதிட்டுத் தீர்க்க முயன்றவர் கசானைச் சேர்ந்த ஷிஹாபுத்தீன் மர்ஜானி (1818–1889). மாலையொளி அடங்காவிடினும் இஷா கடமையே என நிறுவி அவர் அரபியில் எழுதிய நூல் 1870இற் கசானில் அச்சேறியது. நம் கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) வாழ்ந்ததும் ஏறத்தாழ அதே காலமே. ஒருவர் கடலோரத்திலும் மற்றவர் ஆற்றோரத்திலும் இருந்து தத்தம் மக்களுக்காக மார்க்க நூல்களை எழுதிக் குவித்தனர். இருவரையும் ஒப்பிட்டு நம் துறை மாணவர் ஒருவர் ஆய்வு செய்யலாம்.

இன்று பள்ளிவாசல்களில் அச்சிட்ட நேர அட்டவணை தரப்படுகிறது. மாணவர் அதனையே பின்பற்றுகின்றனர். நோன்பைப் பொறுத்தவரை பெரியவருக்கு ஒரு நற்செய்தி உண்டு. ரமலான் ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாள் முன்னோக்கி நகர்வது. 2015 முதல் 2018 வரை அது கோடையின் உச்சத்தில் வந்தது. அக்காலத்துப் பயின்றோர் பதினெட்டு மணிக்கு மேல் நோன்பிருந்தனர். 2025இல் அது மார்ச்சில் வந்தமையால் சென்னைக்கும் கசானுக்கும் பெரிய வேறுபாடில்லை. 2030இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இருமுறை ரமலான் தொடங்கும். அப்போது கசானின் பகல் ஏழரை மணி நேரமே. பேத்தி இனிச் சேர்ந்தால், படிப்பு முடியும்வரை பிடிக்கும் நோன்புகள் பெரும்பாலும் நம்மூர் நோன்பைவிடக் குறுகியனவாகவே இருக்கும்.

கோட்டையும் பள்ளிவாசலும்

கசான் கிரெம்லின் எனப்படும் வெண்ணிறக் கோட்டை 2000ஆம் ஆண்டு உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 1552 அக்டோபரில் 'கொடிய' இவான் எனப் பெயர்பெற்ற ரஷ்ய மன்னன் கசான் கானரசை முறியடித்தான். நகரைக் காத்துப் போரிட்டு மாண்டோருள் ஒருவர் இமாம் குல் ஷரீப். அவர் பெயரால் கோட்டைக்குள் எழுப்பிய பள்ளிவாசல், நகரின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2005 ஜூனில் திறக்கப்பெற்றது. வெள்ளையும் நீலமும் இழைந்த அக்கட்டடத்தின் குவிமாடம் கான்களின் மணிமுடியை நினைவூட்டுவது. சில அடிகள் நடந்தால், வென்றவன் காலத்தில் எழுந்த, 1562இல் நிறைவுற்ற கிறித்தவப் பேராலயம். இரண்டும் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன. பாங்கும் ஆலய மணியும் அடுத்தடுத்துக் கேட்டதாகப் பையன் சொன்னான்.

அருகே சுயும்பிக்கே கோபுரம். ஏழு அடுக்கு, 58 மீட்டர் உயரம், உச்சி ஏறத்தாழ இரண்டு மீட்டர் சாய்ந்தது. தன்னை மணக்க விரும்பிய இவானிடம் ஏழு நாளில் ஏழடுக்குக் கோபுரம் கேட்டு, அது முடிந்ததும் உச்சியினின்று அரசி சுயும்பிக்கே குதித்தாள் என வழிகாட்டிகள் கதை சொல்வர். உண்மையில், நகர் வீழும் முன்பே, 1551இல், அவள் மாஸ்கோவுக்குக் கொண்டு செல்லப்பட்டாள். கோபுரமும் பிற்காலத்தது என்பர். வரலாற்றில் தோற்ற மக்கள் கதையில் வெல்ல முயல்வது எங்கும் உள்ள வழக்கமே.

மர்ஜானி இமாமாக இருந்த பள்ளிவாசல் பழைய தத்தாரியர் குடியிருப்பில் உள்ளது. 1767இல் கசானுக்கு வந்த பேரரசி காதரீனின் இசைவுடன் 1770இல் முடிக்கப்பெற்றது. கசான் வீழ்ந்த பின் அரசு இசைவுடன் அங்குக் கல்லால் எழுந்த முதற் பள்ளிவாசல் இதுவே. மினாரா மிக உயரமென அதிகாரிகள் புகார் செய்ய, தரையில் இடம் தருவதே தன் உரிமை, வானம் தன் ஆட்சிக்கு உட்பட்டதன்று எனப் பேரரசி விடையளித்ததாக ஒரு செவிவழிச் செய்தியுண்டு. அச்சுக் கலையிலும் கசானுக்கு இடமுண்டு. 1803 முதல் அங்கு அச்சான திருக்குர்ஆன் பிரதிகள் 'கசான் பதிப்பு' எனப் பெயர் பெற்று முஸ்லிம் நாடுகளெங்கும் பரவின.

1804இல் நிறுவப்பெற்ற கசான் பல்கலைக்கழகத்தைத் தமிழ் மாணவர் காணாது திரும்பலாகாது. கணித மேதை லொபச்செவ்ஸ்கி அங்குத் துணைவேந்தருக்கு நிகரான பதவியில் 1827 முதல் 1846 வரை இருந்தார். சட்டம் பயின்ற லெனின் 1887 டிசம்பரில் வெளியேற்றப்பட்டார். 1844இல் அரபு, துருக்கி மொழிகள் பயில அங்குச் சேர்ந்தவர் டால்ஸ்டாய். தேர்வில் தேறாமற் சட்டத்துக்கு மாறி, அதனையும் முடிக்காமல் 1847இல் ஊர் திரும்பினார். அவரே 1908இல் தாரகநாத் தாஸுக்கு எழுதிய மடலில் திருக்குறளை எடுத்தாண்டார். அம்மடல் வழியாகவே காந்தியடிகளின் கவனம் குறள்மீது திரும்பியது. பட்டம் பெறாது போன அம்மாணவரின் சிலை நகரில் உண்டு. நம் வகுப்பில் தேர்வில் தவறியோர் இதனை எனக்கெதிராகப் பயன்படுத்த வேண்டா!

உணவைப் பற்றிச் சுருங்கச் சொல்வேன். ஹலால் கடைகள் தாராளமாக உள்ளன. எச்போச்மாக் என்பது இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட முக்கோணப் பண்டம். சமோசாவின் உறவு, காரமில்லை. சக்-சக் என்பது பொரித்த மாவுத் துண்டுகளைத் தேன்பாகிற் பிடித்த இனிப்பு. வெல்லப்பாகில் முறுக்குத் துண்டுகளைப் பிடிக்கும் நம் மனோகரத்தை உண்டவர்க்கு அது புதிதாய்த் தோன்றாது. மிளகாய்த்தூள் மட்டும் ஊரிலிருந்து எடுத்துச் செல்லல் வேண்டும்.

முகவர் சொல்லாதவை

இனிக் கசப்பான பகுதி. 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் ரஷ்யாவில் தம் பணியை நிறுத்தின. ஆகவே நம் வங்கி அட்டைகள் அங்குச் செல்லா. பையனை அனுப்பிய முகவர் இதனைச் சொல்லவில்லை. மாஸ்கோ விமான நிலையத்தில் அட்டை மறுக்கப்பட்டபோது, கையிலிருந்த சிறிது டாலரை மாற்றி, எழுவரும் ஒரு பெட்டி ரொட்டியைப் பகிர்ந்துண்டு கசான் வண்டி ஏறினர். என் தமக்கைக்கு இச்செய்தி ஓராண்டு கழித்தே தெரிந்தது.

"எல்லாம் ஆங்கிலத்தில்தான்" என்றார் அதே முகவர். வகுப்பறைக்கு அது பொருந்தும். மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் நோயாளி ஆங்கிலத்தில் முனகுவதில்லை; மூன்றாம் ஆண்டிலிருந்து ரஷ்ய மொழி தெரியாமல் ஓரடியும் நகர இயலாது. நம் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி படிப்பு 54 மாதங்களுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஆங்கிலமே பயிற்றுமொழியாதல் வேண்டும். 12 மாத உள்ளிருப்புப் பயிற்சியை அதே கல்லூரியில் முடித்தல் வேண்டும். புறப்படுமுன் நீட் தேர்ச்சியும், திரும்பியபின் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் இன்றியமையாதன.

2022 பிப்ரவரியில் தொடங்கிய உக்ரைன் போரையும் மறைத்தல் முறையன்று. கசான் போர்முனையினின்று ஆயிரம் கிலோமீட்டர் அப்பால் உள்ளது. ஆயினும் 2024 டிசம்பரில் ஆளில்லா விமானங்கள் அந்நகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மோதின. வேலை தருவதாக நம்ப வைத்து இந்தியர் சிலரை ரஷ்யப் படையில் சேர்த்த செய்தி 2024இல் வெளியாகி, அவ்வாண்டு ஜூலையில் நம் பிரதமர் மாஸ்கோவில் அதனை எழுப்ப நேர்ந்தது. புரியாத மொழியிலுள்ள எந்தத் தாளிலும் கையொப்பமிடலாகாது என்பதைப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியனுப்புதல் நலம்.

எழுத்தை இழந்த மொழி

தமிழ்த் துறையினர் என்ற முறையில் நம்மைத் தொடும் செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. கசான் சுரங்க வண்டியில் நிலையப் பெயர்களை ரஷ்யம், தத்தாரியம், ஆங்கிலம் என மும்மொழியில் அறிவிக்கின்றனர். தத்தாரியம் அங்கு ஆட்சிமொழியே. ஆனால் 2018இல் இயற்றிய சட்டம், பள்ளியில் அதனைப் பயில்வதை மாணவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. தாய்மொழியைப் பாடிப் புகழ்பெற்ற கவிஞர் கப்துல்லா துக்காய், 1913இல், இருபத்தேழு வயது நிரம்பும் முன்பே கசானில் மறைந்தார். நம் பாரதியின் காலத்தவர்; அவரைப் போலவே இளமையில் முடிந்தவர்.

துக்காய் எழுதிய எழுத்து இன்று அவர் மக்களுக்குத் தெரியாது. தத்தாரிய மொழி பல நூற்றாண்டுகள் அரபு எழுத்தில் எழுதப்பட்டது. 1920களின் இறுதியில் அதனை இலத்தீன் எழுத்துக்கு மாற்றினர்; 1939இல் ரஷ்ய எழுத்துக்கு மாற்றினர். ஒரு தலைமுறைக்குள் மூன்று எழுத்து! தாத்தா எழுதிய மடலைப் பேரன் படிக்க இயலாத நிலை ஆணையினால் வந்தது.

மாணவர் தங்கிய வீட்டின் உரிமையாளர் தத்தாரிய மூதாட்டி ஒருவர். ஒருநாள் அவர் பெட்டியிலிருந்து பழைய அச்சுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார், அவர் பாட்டனாருடையது. அவருக்கு எழுத்து தெரியாது. பையனுக்கு மொழி தெரியாது. ஆனால் சிறுவயதில் பட்டாபிராம் மதரஸாவில் ஓதிய பழக்கத்தால் எழுத்து தெரியும். சில எழுத்துகள் புதியனவாயிருந்தும், அவன் தட்டுத்தடுமாறி ஒலித்தான். பத்துச் சொல்லுக்கு நான்கைந்து சொற்கள் அம்மூதாட்டிக்குப் பிடிபட்டன. பிடிபட்ட சொல்லை அவர் திருத்திச் சொல்ல, இவன் மேலே படிக்க, அரைப் பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்றாம். அது குழந்தைகளுக்கான கதை, ஓர் ஆட்டைப் பற்றியது.

இதனை அவன் தொலைபேசியிற் கூறியபோது நான் நாணினேன். எங்கள் நன்னியின் குறிப்பேடு ஒன்று என் அலமாரியில் முப்பதாண்டாகக் கிடக்கிறது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில், நன்னி தம் கைப்பட எழுதியது. எனக்கு மொழியும் தெரியும், எழுத்தும் தெரியும், திறந்ததில்லை. நம்மவர்க்கு எந்த அரசும் ஆணையிடவில்லை. தமிழெழுத்து அச்சில் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, நாமே மறந்தோம்.

அடுத்த விடுமுறைக்கு வந்த பையன் முதல்நாளே அந்த ஏட்டைக் கேட்டு வாங்கினான். முதற் பக்கம் பிள்ளைகளின் பிறந்த நாள்கள். என் தாயாரின் பெயரும் அதிலிருந்தது, நாங்கள் இதுவரை நம்பியிருந்த ஆண்டுக்கு ஈராண்டு முன்பாக. இரண்டாம் பக்கம் இருமலுக்கான கைம்மருந்து. மூன்றாம் பக்கத்தில் நீர்க்கறை. அதனைப் பகலொளியில் வைத்துப் படிப்பதற்குள் அவன் விடுமுறை முடிந்துவிட்டது.

பெரியவரிடம் இவையனைத்தையும் கூறினேன். பேத்திக்கு ரஷ்ய மொழி கற்பிக்க ஆவடியில் யாரேனும் உண்டா என்று கேட்டார். எங்கள் தெருவிலுள்ள, தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற முதியவரின் வீட்டைக் காட்டினேன்.